சோழிக் கணக்கும் கோபன்ஹேகன் கடிதங்களும்



சென்ற கோடையில் ஜெர்மனியின் ஹம் நகரத்துக்குப் போயிருந்தேன், காமாட்சி அம்பாள் கோயில் தேர் பார்க்க. ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே எழுந்து நிற்கிற கோபுரம். 2002இல் குடமுழுக்கு கண்டது. தேர் நிலைக்கு வந்து, கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்த பிறகு, மண்டபத்து ஓரத்தில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் யாழ்ப்பாணத்து வாக்கியப் பஞ்சாங்கம். பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் எதையோ கழித்துக் கழித்து எழுதிக்கொண்டிருந்தார்.

என்ன கணக்கு ஐயா என்று கேட்டேன். "கோடையில மூண்டரை மணித்தியாலம், மாரியில நாலரை. கழிச்சாத்தான் இஞ்சத்தைய நேரம் வரும், தம்பி" என்றார். மகள் கைப்பேசியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஏற்றிக் கொடுத்திருக்கிறாராம். "அது சரியாத்தான் இருக்கும். ஆனா எங்கட அப்பு பார்த்தது இது" என்று புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். பேசப் பேசத் தெரிந்தது: ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எண்பதுகளில் இங்கே வந்து, ஒரு உணவகத்தின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கணக்குப் புத்தகங்கள் ஒன்றையும் கொண்டுவர முடியவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காசெல் வழியாக ரயில் மாறி கோட்டிங்கன் போனேன். அவருடைய பென்சில்தான் என்னை அங்கே அனுப்பியது. இந்த மாதம் நான் எழுத விரும்புவது ஹரால்ட் போர் என்ற டென்மார்க் கணித அறிஞரைப் பற்றி. அவருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

போர் என்றதும் அணு விஞ்ஞானி நீல்ஸ் போர்தான் நினைவுக்கு வருவார். ஹரால்ட் அவருடைய தம்பி. அண்ணனைவிட ஒன்றரை வயது இளையவர். 1887 ஏப்ரல் 22 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். அப்பா கிறிஸ்டியான் போர் உடலியல் பேராசிரியர். அம்மா எலன் ஆட்லர், யூத வங்கிக் குடும்பத்துப் பெண். அண்ணனும் தம்பியும் கடைசிவரை ஒட்டிப் பிறந்தவர்கள்போலவே இருந்தார்கள். 1913இல் நீல்ஸின் அணுக் கோட்பாடு வெளிவந்தபோது, கோட்டிங்கனில் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், யார் நம்புகிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்று அங்கிருந்து அண்ணனுக்கு எழுதியவர் ஹரால்ட்தான்.

அந்தக் காலத்து டென்மார்க்கில் தெருவில் போகிறவர்களுக்கு முதலில் தெரிந்தவர் தம்பி. காரணம் கால்பந்து. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க் அணியின் நடுக்களத்தில் ஆடினார். முதல் ஆட்டத்தில் பிரான்ஸின் இரண்டாவது அணியை 9–0 என்று வென்றார்கள். அதில் இரண்டு கோல் ஹரால்டுடையது. அடுத்து பிரான்ஸின் முதல் அணி, 17–1. இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0–2 என்று தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். 1910இல் அவர் முனைவர் பட்ட ஆய்வைச் சபையில் வாதிட்டபோது, அரங்கில் கணக்குத் தெரிந்தவர்களைவிடக் கால்பந்து ரசிகர்களே அதிகம் என்று சொல்வார்கள். ஆய்வு டிரிக்லே தொடர்களைப் பற்றியது. அத்தனை பேரும் அதை உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கோட்டிங்கன் அப்போது கணிதத்தின் காசி. காவுஸ், ரீமான் இருந்த ஊர். ஹில்பர்ட் இருக்கிற ஊர். 1909இல் எட்மண்ட் லாண்டவ் அங்கே பேராசிரியராக வந்தார். பெர்லினில் பிறந்த யூதர், பகா எண்களின் ஆய்வில் அன்றைய பெரிய கை. 22 வயது ஹரால்ட் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு ஆண்டுக்கு ஆண்டு அந்த ஊருக்குப் போய்வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஹில்பர்ட்டின் உதவியாளராக இருந்த ரிச்சர்ட் கூரண்ட் அவருடைய உயிர் நண்பரானார்.

1914இல் ஹரால்டும் லாண்டவும் சேர்ந்து ஒரு தேற்றம் நிறுவினார்கள். பகா எண்களின் பரவலைத் தனக்குள் ஒளித்து வைத்திருப்பது ரீமானின் ஸீட்டா சார்பு. அதன் முக்கியமான பூஜ்யங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்பது ரீமானின் ஊகம். இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அந்தக் கோட்டைச் சுற்றி எவ்வளவு மெல்லிய பட்டை வரைந்தாலும், பூஜ்யங்களில் சொற்பமானவை தவிர மற்றவை அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடும் என்று இவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் ஹார்டி, எண்ணற்ற பூஜ்யங்கள் கோட்டின் மேலேயே இருக்கின்றன என்று நிறுவினார். நம் ராமானுஜன் கப்பலேறி அவரிடம் போய்ச் சேர்ந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஹார்டி ஹரால்டின் நெருங்கிய நண்பர். விடுமுறையில் டென்மார்க் போய்த் தங்குவார். ஒருமுறை திரும்பும்போது வட கடலில் புயல். கிடைத்ததோ சிறு கப்பல். ஏறும் முன் ஹரால்டுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டாராம், ரீமானின் ஊகத்தை நிறுவிவிட்டேன் என்று. இப்படியொரு பொய்ப் புகழோடு தன்னைச் சாகவிடக் கடவுளுக்கு மனம் வராது, அதனால் கப்பல் கரை சேரும் என்பது கடவுளோடு தீராத வழக்கு வைத்திருந்த ஹார்டியின் கணக்கு. கணிதக்காரர்கள் இன்றும் சொல்லி மகிழும் கதை இது.

ஹரால்டின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் 1924 தொடங்கி மூன்று பெரிய கட்டுரைகளாக அவர் வெளியிட்ட கோட்பாடு. ஜெர்மன் மொழியில் எழுதினார். ஏறக்குறையத் திரும்பி வரும் சார்புகள் என்று தமிழில் சொல்லலாம். இதில் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நம் கதை இங்கேதான் முடிச்சுப் போடுகிறது.

இரண்டு கோயில் மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 3 நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கிறது, மற்றது 4 நிமிடத்துக்கு ஒரு முறை. 12 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் இரண்டு இடைவெளிகளுக்கும் உள்ள விகிதம் முழு எண்களில் அடங்காததாக இருந்தால்? ஒரு முறை சேர்ந்து அடித்த மணிகள் மறுபடி துல்லியமாகச் சேரவே சேரா. காத்திருந்தால் கிட்டத்தட்டச் சேரும். இன்னும் காத்திருந்தால் இன்னும் நெருங்கிச் சேரும். ஹரால்ட் இந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்குக் கறாரான இலக்கணம் எழுதினார். எத்தனை சிறிய பிசகை அனுமதித்தாலும் சரி, அந்தப் பிசகுக்குள் பழைய நிலைக்குத் திரும்பி வருகிற கால அளவுகள் இருக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட சார்புகள் எல்லாமே தூய அலைகளைக் கூட்டிக் கூட்டி நெருங்கக் கூடியவை என்று நிறுவியது அவருடைய சாதனை.

சந்திரன் அப்படி வருகிறவன்தான். பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடுகிறான். வேகத்தின் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 27.55 நாள். முழு நாளில் அடங்காத எண். ஆனால் 9 சுற்று ஓடினால் 248 நாள் ஆகிறது, சுமார் 13 நிமிடம் மட்டும் குறைவாக. அதனால்தான் வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு வாக்கியம். எழுத்துக்கு எண் என்ற கடபயாதி முறையில் அந்த நாளின் சந்திரன் நிலை அதற்குள் பொதிந்திருக்கும். 13 நிமிடப் பிசகு சேர்ந்துகொண்டே போகுமே என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 110 சுற்றுக்கு 3031 நாள். இங்கே பிசகு ஒரு நிமிடத்துக்குள். 449 சுற்றுக்கு 12372 நாள், அதாவது ஏறக்குறைய 34 ஆண்டு. பெரிய தாவல்களை முதலில் கழித்து, மிச்சத்துக்கு 248இல் இடம் தேடுவார்கள். "கிட்டத்தட்ட" என்பதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் வாய்ப்பாடாகவே பாடம் செய்திருந்தார்கள்.

இந்த இரண்டையும் கையால் தொட்ட ஒரு மனிதர் இருந்தார். ஓட்டோ நொய்கபாவர், 1899இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், கோட்டிங்கன் மாணவர். இருபதுகளின் நடுவில் கோபன்ஹேகனுக்குப் போய் ஹரால்டுடன் சேர்ந்து ஏறக்குறையத் திரும்பும் சார்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 1926இல் வெளிவந்தது. இளைஞருக்குப் பழைய எகிப்திய மொழி தெரியும் என்பதைக் கவனித்த ஹரால்ட், எகிப்தியக் கணிதச் சுவடி ஒன்றின் புதிய பதிப்பைக் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னார். அந்த ஒரு வேலையில் நொய்கபாவரின் பாதை திரும்பிவிட்டது. பழங்காலக் கணிதமும் வானியலும் அவருடைய வாழ்க்கையாயின.

பிறகு 1933 வந்தது.

ஏப்ரல் 7 அன்று ஹிட்லர் அரசு போட்ட சட்டம் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் கோட்டிங்கனில் கூரண்ட், எம்மி நோதர், மாக்ஸ் போர்ன் ஆகியோரின் நாற்காலிகள் காலியாயின. கூரண்டின் இடத்தில் கணித நிலையத்தின் பொறுப்பை நொய்கபாவரிடம் கொடுத்தார்கள். அவர் யூதர் அல்லர். புதிய ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி கேட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பொறுப்பில் இருந்தது ஒரே நாள். சட்டத்தின் விதிவிலக்கில் தப்பியிருந்த லாண்டவ் நவம்பர் 2 அன்று பாடம் நடத்தப் போனபோது மாணவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய டைக்ம்யுல்லருக்கு வயது 20. அவரும் அபாரமான கணிதத் திறமை உள்ளவர். லாண்டவ் அதன்பிறகு கோட்டிங்கனில் பாடம் நடத்தவே இல்லை.

பூன்சன் தெருவில் அந்தக் கணித நிலையத்தின் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1929இல் ராக்ஃபெல்லர் பணத்தில் கூரண்ட் எழுப்பியது. திறந்து நாலு வருஷம் ஆகாமலே கட்டியவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் போன அன்று விடுமுறை போலிருக்கிறது, வாசற்படியில் யாரும் இல்லை. அந்தப் படியில் நின்று யோசித்தபோது, அன்றைக்கு உள்ளே பாடம் கேட்க வந்த ஒரே ஒருவராவது அடைப்பைத் தாண்டிப் போயிருக்க மாட்டாரா என்ற எண்ணம் விடாமல் வந்தது.

எல்லைக்கு வடக்கே ஒரு சிறு நாட்டில், சம்பளமும் நாற்காலியும் பத்திரமாக இருந்த ஹரால்ட் என்ன செய்தார்? ஜெர்மனிக்குப் போனார். யார் வேலை இழந்தார்கள், யாருக்குக் குழந்தைகள் இருக்கின்றன, யார் எந்தப் பிரிவில் வல்லவர், எந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கலாம் என்று கேட்டறிந்தார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கும், பிரின்ஸ்டனில் வெப்லனுக்கும், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்கும் எழுதினார். ஜெர்மனிக்குள்ளிருந்து எழுதும் கடிதம் பிரிக்கப்படும் என்ற பயம் இருந்த காலத்தில், உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவே அவர் தபால் நிலையமாக இருந்தார். 1934இல் கோபன்ஹேகனில் நீல்ஸின் நிலையத்தை ஒட்டிக் கணித நிலையத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது, தலைவர் ஹரால்ட். ஓடிவந்தவர்களுக்கு மேஜையும் விளக்கும் அங்கே கிடைத்தன. அவர்களில் ஒருவர் பெர்லினில் பிறந்த வெர்னர் ஃபென்ஷெல், லாண்டவின் உதவியாளராக இருந்தவர். அவர் மனைவி கேட்டெயும் கணித அறிஞர். இருவரும் டென்மார்க்கிலேயே தங்கிவிட்டார்கள். ஃபென்ஷெல் பின்னாளில் கோபன்ஹேகனில் பேராசிரியரானார். அவருடைய குவிவுச் சார்புக் கோட்பாடு இன்று பொறியியல் கல்லூரிகளில் பாடம்.

சிறந்த கணித அறிஞர்கள் பலர் உண்டு. தன் நல்ல நாட்களை மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதுவதில் செலவழித்தவர்கள் எத்தனை பேர்? என்னைக் கேட்டால், 248 போன்ற எண்களுக்கு இலக்கணம் எழுதிய கையைவிட அந்தக் கடிதங்களை எழுதிய கை எனக்கு நெருக்கமானது.

அவர் அமைதியாக மட்டும் இருந்துவிடவில்லை. 1934இல் பெர்லின் பேராசிரியர் லூட்விக் பீபர்பாக், கணிதத்திலும் இன வேறுபாடு உண்டு என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். லாண்டவ் தன் பாடநூலில் பை என்ற எண்ணை வட்டத்தைக் காட்டி அறிமுகம் செய்யாமல், கொசைன் சார்பின் முதல் பூஜ்யத்தைக் கொண்டு வரையறுக்கிறார். இது ஜெர்மானியச் சிந்தனைக்கு அந்நியம், ஆகவே மாணவர்கள் அவரைப் புறக்கணித்தது நியாயம் என்பது வாதம். படித்தவர், தேர்ந்த கணிதக்காரர் சொன்னது இது. ஹரால்ட் மே 1 அன்று கோபன்ஹேகன் மாலை நாளிதழில் "ஜெர்மனியில் புதிய கணிதம்" என்ற தலைப்பில் அந்தப் பேச்சை எடுத்துப் போட்டுக் கண்டித்தார். பீபர்பாக் கொதித்துப்போய், ஜெர்மன் கணிதச் சங்கத்தின் இதழில், உடன் ஆசிரியர்களின் சம்மதம் இல்லாமல், ஹரால்டுக்குப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். சர்வதேச ஒத்துழைப்பை அரிக்கும் புழு என்ற பொருளில் வசை. செப்டம்பரில் பாட் பிர்மோன்ட் நகரில் சங்கம் கூடியது. கடிதத்தின் தொனிக்கு வருத்தம் சொன்னது. புதிய அரசைத் தாக்கியது என்ற அளவில் ஹரால்டின் கட்டுரையையும் கண்டித்தது. நீக்கப்பட்ட உறுப்பினர்களுக்காக அது நிமிர்ந்து நிற்கவில்லை. ஹரால்ட் சங்கத்திலிருந்து விலகினார். ஒரு பத்திரிகை ஆசிரியனாக இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒரு இதழின் பக்கம் எதற்கெல்லாம் பயன்படுத்தப்பட்டுவிடுகிறது!

1943 இலையுதிர் காலத்தில் ஹரால்டின் முறை வந்தது. டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, மீன்பிடிப் படகுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். போர் சகோதரர்களும் ஃபென்ஷெல் குடும்பமும் அப்படித் தப்பியவர்களே. அடைக்கலம் கொடுத்தவரே அகதியானார். யுத்தம் முடிந்து திரும்பினார். 1950இல் அமெரிக்காவில் கூடிய உலகக் கணித மாநாட்டில், பரிசுக் குழுத் தலைவராக நின்று, செல்பெர்க், ஷ்வார்ட்ஸ் என்ற இரு இளைஞர்களுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கங்களை வழங்கினார். செல்பெர்கின் பெரும்பணிகளில் ஒன்று அதே ஸீட்டா பூஜ்யங்களைப் பற்றியது. 1951 ஜனவரி 22 அன்று ஹரால்ட் இறந்தார்.

அவருடைய நண்பர் கூரண்ட் நியூயார்க்கில் கட்டிய கணித நிறுவனத்துக்கு 1963இல் சென்னையில் பிறந்த ஓர் இளைஞர் போய்ச் சேர்ந்தார். 2007இல் ஏபல் பரிசு பெற்ற நம் எஸ். ஆர். சீனிவாச வரதன்தான் அவர். இதையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, நொய்கபாவர். 1934 ஜனவரியில் ஹரால்டின் ஏற்பாட்டில் கோபன்ஹேகன் வந்தவர், ஐந்து ஆண்டுகள் அங்கிருந்து பாபிலோனியக் களிமண் பலகைகளின் கணக்குகளைப் பதிப்பித்தார். 1939இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகம் போனார். 1952இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் பெயர் "தமிழ் வானியல்".

அவருக்குக் கிடைத்த ஆதாரம் 1825இல் சென்னையில் அச்சான காலசங்கலிதம் என்ற நூல். எழுதியவர் ஜான் வாரன் என்ற படை அதிகாரி. கோலாரில் தங்கம் இருப்பதை 1802இல் ஆராய்ந்து எழுதியவரும் இவரே, சில காலம் சென்னை வானாய்வு நிலையத்தையும் பார்த்துக்கொண்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்து, 1825 மே 31 இரவு நிகழும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், விடும் நேரத்தில் 52 நிமிடமும் பிசகின. கோட்பாடு ஒன்றும் தெரியாதவர், நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் குறித்து வைத்தார்.

நொய்கபாவர் அந்தச் சோழிகளுக்குள் 248ஐயும் 3031ஐயும் பார்த்தார். அதே எண்களை எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் அவர் கண்டிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரும் சொல்லியிருக்கிறார். பாபிலோனில் தொடங்கிய ஒரு கணக்கு மரபு, எங்கெங்கோ அறுந்துபோன பிறகும், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒருவர் நாவில் உயிரோடு இருந்தது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். வாரனுக்கு வெறும் நினைவாற்றலாகத் தெரிந்தது, ஏறக்குறையத் திரும்பும் சார்புகளைப் படித்து வந்தவருக்கு ஒரு நாகரிகத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தது. 1934இல் கோபன்ஹேகனில் அவருக்கு அந்த மேஜை கிடைக்காமல் போயிருந்தால் நம்மவரின் சோழிக் கணக்கை யார் எடுத்துப் பேசியிருப்பார்கள்?

ஊர் திரும்பியதும் அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்து ஹம் பெரியவருக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பென்சிலால் எழுதிய எட்டுப் பக்கம், பெரும்பாலும் கணக்கு. 248க்குப் பதின்மூன்று நிமிடம் குறைவதைத் தானே போட்டுப் பார்த்துச் சரி என்று கோடிட்டிருந்தார். 3031க்கு வந்தபோது கைப்பேசியின் தசமப் புள்ளி போதவில்லை என்று கையாலேயே பெருக்கியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், சிறு பிள்ளையாக இருந்தபோது அப்பு சோழியை எப்படி அடுக்குவார் என்பதை நினைவிலிருந்து படமாக வரைந்திருந்தார். வாத்தியார் வேலையை விட்டு நாற்பது வருஷம் ஆனவரின் எழுத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

அதில் இரண்டு பக்கங்களை இந்த இதழின் 14ஆம் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து அவர் நமக்காக எழுதுகிறார். உங்கள் வீட்டில் பழைய வாக்கியச் சுவடி இருந்தாலும், சோழி வைத்துக் கிரகணம் கணித்தவரைப் பார்த்த நினைவு இருந்தாலும், அவர் பெயருக்கே கடிதம் எழுதுங்கள். நாங்கள் சேர்த்து அனுப்புகிறோம். எல்லாவற்றுக்கும் பதில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விகளை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.

அன்புடன்,
ஆசிரியர்